ஒரே பண்ணையில் வாங்கிய ஆண், பெண் வெண்பன்றிக் குட்டிகளை வைத்துப் பண்ணை தொடங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: தர்மபுரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டம், இரண்டு கறவை மாடுகள். போன மாதம் ஒரே பண்ணையில் மூன்று மாத வயதில் ஒரு ஆண், ஒரு பெண் வெண்பன்றிக் குட்டி வாங்கி வந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கொட்டிலில் நிற்கின்றன. டவுனில் ஒரு ஹோட்டல் மிச்சச் சாப்பாடு தருகிறது. "எத்தனை மாதத்தில் சினை பிடிக்கும், வேறு ஏதாவது தீனி வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். எனக்கு இதற்குள் மூன்று கேள்விகள் தெரிகின்றன. இந்த இரண்டையும் சேர்க்கலாமா, எப்போது சேர்க்க வேண்டும், ஒரு ஜோடி என்பது வரவு செலவுக்கு ஒத்து வருமா. மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பணம் அங்கேதான் போகும். கால்நடை மருத்துவராகப் பல வருஷம் சின்னப் பன்றிப் பண்ணைகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பன்றிகளை நான் பார்க்கவில்லை, அதனால் கால், காம்பு, உடல்வாகு பற்றிச் சொல்வதெல்லாம் நீங்களே பார்த்து ஒப்பிட வேண்டியவை.

முதல் வேலை, இந்த வாரமே இரண்டையும் பிரியுங்கள். நான்கு மாதக் குட்டிதானே என்று தோன்றும். ஆண் ஐந்து, ஆறு மாதத்திலேயே ஏற ஆரம்பித்துவிடும். பெண்ணும் ஐந்திலிருந்து ஏழு மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வந்துவிடும். ஒரே கொட்டிலில் விட்டால் என்றைக்குச் சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியாது, ஒருநாள் காலையில் அறுபது கிலோ உடம்போடு ஐந்தாறு நோஞ்சான் குட்டிகளைப் போட்டு நிற்கும். வளர்கிற உடம்பு அதோடு தேங்கிவிடும், அடுத்த ஈற்றும் கெடும். சின்னப் பண்ணைகளில் தாய்ப் பன்றி வீணாவது பெரும்பாலும் நோயால் அல்ல, இப்படித்தான்.

பிரித்த கையோடு குட்டி வாங்கிய இடத்துக்குப் போன் போட்டு, இரண்டும் ஒரே தாயின் குட்டிகளா, அல்லது தாய் வேறாக இருந்தாலும் தகப்பன் ஒன்றா என்று கேளுங்கள். சின்னப் பண்ணைகளில் பெரும்பாலும் ஒரு ஆண்தான் இருக்கும், ஆகவே "வேற வேற தாய்தாங்க" என்ற பதில் போதாது. கூடப் பிறந்தவற்றைச் சேர்த்தால் ஈற்றுக்கு விழும் குட்டிகள் குறையும், பிறப்பவை எடை குறைவாக இருக்கும், பால்குடியிலேயே சாவு கூடும். குடலிறக்கம், ஆசனவாய் இல்லாமல் பிறப்பது, ஒரு விதை இறங்காமல் இருப்பது போன்ற குறைகளும் மறைந்திருந்தால் வெளியே வரும். இது உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரு ஈற்றில் கண்ணுக்குத் தெரிந்த கெடுதல் வருமா என்பது மட்டும் அதிர்ஷ்டம். எட்டுக் குட்டியும் நன்றாகப் பிறந்தது என்று காட்டுகிறவர்கள் இருப்பார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டிகளிலிருந்து மறுபடி தாய் எடுத்தால் இரண்டாம் தலைமுறையில் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒரே ரத்தம் என்று தெரிந்தால் ஆணை விரையடித்து வளர்த்து, கறி எடைக்கு விற்றுவிடுங்கள். இந்த வயதில் அதைக் கால்நடை மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும், வீட்டில் பிளேடை எடுக்காதீர்கள்.

வேறு ரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்பது கணக்கில் நிற்காது. வளர்ந்த ஆண் பன்றிக்கு நாளுக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோ தீவனம், வருஷத்துக்கு ஏறக்குறைய 800 கிலோ. பெண் நன்றாகப் போனால் வருஷம் இரண்டு ஈற்று, பிழைத்து விற்பனைக்கு வரும் குட்டிகள் 16 என்று வையுங்கள். ஒவ்வொரு குட்டியின் தலையிலும் 50 கிலோ தீவனச் செலவு, தகப்பனுக்காக மட்டும். வருஷத்தில் நான்கைந்து நாள் வேலைக்கு! வழக்கமாகப் பத்துப் பெண்ணுக்கு ஒரு ஆண் என்பார்கள். நான்கு பெண் இருந்தாலே ஆண் வைத்திருப்பதில் அர்த்தம் வருகிறது. ஆகவே இரண்டு வழி. இடமும் தீவனமும் இருந்தால் வேறு பண்ணையில் இன்னும் இரண்டு, மூன்று பெண் குட்டி வாங்குங்கள். இல்லையென்றால் ஆணை விற்றுவிட்டு, பெண்ணுக்குச் செயற்கைக் கருவூட்டல் உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பன்றி விந்தை மாட்டு விந்து போல உறைய வைத்துப் பயன்படுத்துவது அபூர்வம். 17 டிகிரி அளவில் குளிர்ச்சியாக வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் போட்டாக வேண்டும். அதனால் தொலைவிலிருந்து வரவழைப்பது கஷ்டம். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது, நல்ல இனக் குட்டியோ வழிகாட்டலோ வேண்டுமென்றால் அங்கே கேட்கலாம். பக்கத்து ஊர்க்காரரின் ஆணை இரண்டு நாளுக்கு வாங்கி விடுவது மலிவான வழி. ஆனால் நோய் கைமாறுவதற்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்க்கைக்கான நேரத்துக்கு வருவோம். எட்டு மாதம், 90 கிலோவுக்குக் குறையாமல், இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம். மூன்றும் சேர்ந்து வரவேண்டும். வயது ஆகி எடை வரவில்லையென்றால் காத்திருங்கள். அதற்கு முன் பெண்ணைப் படுக்க வைத்துக் காம்புகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் 12 ஆவது இருக்க வேண்டும், உள்ளே மடங்கிய காம்பு கணக்கில் சேராது. எட்டு அல்லது ஒன்பது காம்புதான் உருப்படி என்றால் அந்தப் பெண்ணைத் தாயாக வைக்காதீர்கள், எவ்வளவு அழகாக வளர்ந்திருந்தாலும் சரி. பின்னங்கால் நேராக ஊன்றி, சிமெண்டுத் தரையில் தடுமாறாமல் நடக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆணுக்கும் பின்னங்கால்தான் முக்கியம், இரண்டு விதையும் ஒரே அளவில் இறங்கியிருக்க வேண்டும்.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கும். அறை (பெண்குறி) சிவந்து வீங்கும், தீனி குறையும், கத்திக்கொண்டு அலையும். இதெல்லாம் முன்னறிவிப்பு. உண்மையான அடையாளம், இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. அப்படி நிற்கும் நேரத்தில்தான் சேர்க்கை. இளம் பெண்ணுக்கு அது ஒன்று அல்லது இரண்டு நாள்தான் இருக்கும், ஆகவே நின்ற அன்றைக்கே ஒருமுறை, 12 மணி நேரம் கழித்து ஒருமுறை விடுங்கள். ஒரு எச்சரிக்கை: பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்றாலும் பருவமில்லாமலேயே அறை சிவந்து வீங்கும், நாலு மாதக் குட்டிக்குக்கூட. வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் தீவன மூட்டையைத் திறந்து பாருங்கள்.

ஆணைப் பக்கத்துக் கொட்டிலிலேயே வைக்கலாமா என்பதில் ஒரே பதில் இல்லை. வளர்ந்த ஆணின் வாசனை பெண்ணைச் சீக்கிரம் பருவத்துக்குக் கொண்டுவரும், இது நிச்சயம். ஆனால் பத்து மாதத்துக்குக் குறைந்த ஆணுக்கு அந்த வாசனை போதாது, உங்கள் ஆண் இப்போதைக்கு அதற்கு உதவாது. தவிர எந்நேரமும் மூக்குக்கு மூக்கு நின்றால் பெண்ணுக்குப் பழகிப்போய், பருவ அடையாளமே மங்கிவிடும் என்பது பல பண்ணையாளர்களின் அனுபவம். நான் சொல்வது, கொட்டிலின் இரண்டு கோடியில் கட்டுங்கள். ஆறு மாதம் ஆனதும் தினமும் கால் மணி நேரம் கம்பித் தடுப்புக்கு இருபுறமும் நிறுத்திப் பாருங்கள்.

சேர்க்கை விடும்போது பெண்ணை ஆணின் கொட்டிலுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆணைப் பெண்ணிடம் கொண்டுவந்தால் அது சுவரையும் மூலையையும் முகர்ந்து கொண்டிருக்கும். தரை வழுக்கினால் ஒரு சாக்கோ வைக்கோலோ போடுங்கள். உங்கள் விஷயத்தில் இரண்டுமே அனுபவமில்லாதவை. ஆண் தலைப்பக்கம் ஏறும், தவறான இடத்தில் போடும். பக்கத்தில் நின்று பொறுமையாகத் திருப்பிவிட வேண்டும், அடிக்கக் கூடாது. முதல்முறை அடி வாங்கிய ஆண் அதற்கப்புறம் ஏறவே தயங்கும். சேர்க்கை ஐந்திலிருந்து பத்து நிமிஷம், சிலசமயம் இன்னும் கூட நீளும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு வயதுக்குள் ஆணை வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் விட வேண்டாம்.

தேதியை எழுதுங்கள். காலண்டரில், சுவரில், எங்காவது. சினைக்காலம் 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். நவம்பர் 1 சேர்த்தால் பிப்ரவரி 23 வாக்கில் குட்டி. 21ஆம் நாள் மறுபடி பருவம் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் 42ஆம் நாளும் ஒருமுறை பாருங்கள். நான் நவம்பரைச் சும்மா உதாரணமாக எடுக்கவில்லை. பன்றிக்கு வியர்த்து உடம்பு ஆறாது. ஏப்ரல், மே வெயிலில் சேர்த்தால் முதல் நான்கு வாரத்தில் கரு கலைவது கூடும். ஆணுக்கோ ஒருமுறை கடுமையாகச் சூடு ஏறினால் அதற்கப்புறம் ஐந்தாறு வாரம் விந்து நன்றாக இருக்காது, பார்க்க ஜோராக நின்றாலும். கொட்டில் மேல் தென்னங்கீற்று, மதியம் இரண்டு முறை தண்ணீர் தெளிப்பு, அருகில் நிழல் மரம் என்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி ஹோட்டல் சாப்பாடு. நம்மூரில் நிறையப் பேர் இதை வைத்தே பன்றி வளர்க்கிறார்கள், செலவு குறைவு என்பதும் உண்மை. ஆனால் கறிக்கு வளர்ப்பது வேறு, தாய்க்கு வளர்ப்பது வேறு. சோறும் எண்ணெயும் கொழுப்பைத்தான் ஏற்றும். கொழுத்த பெண்ணுக்குப் பருவம் சரியாக வராது, ஈனும்போது சிரமப்படும், பால் குறையும், காலும் தாங்காது. மிச்சச் சாப்பாட்டைப் பாதியாக வைத்துக்கொண்டு மீதிக்கு அடர்தீவனம் கொடுங்கள். மக்காச்சோளம் 50 பங்கு, தவிடு 28, சோயா அல்லது கடலைப் புண்ணாக்கு 20, தாது உப்புக் கலவை 2. ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு கொட்டிய வாளியைத் தள்ளி வையுங்கள். உப்பு அதிகமாகி, குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் போனால் பன்றிக்கு வலிப்பு வந்து சாகும். உங்கள் பக்கம் மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, மலிவாகக் கிடைக்கும். காய்ந்த திப்பி கொஞ்சம் சேர்க்கலாம், மாவுச்சத்துதான், புரதம் அநேகமாக இல்லை. பச்சை மரவள்ளித் தோலும் இலையும் வேண்டாம், அதில் நஞ்சு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல், மிச்சச் சாப்பாட்டை அரை மணி நேரம் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்ற வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. 2022இல் கேரளத்தில் வயநாடு வரை வந்துவிட்டது. வேகாத பன்றிக்கறித் துண்டு ஒன்று போதும். நம்மிடம் அதற்குத் தடுப்பூசி கிடையாது, வந்தால் கொட்டிலே காலி. மனிதருக்கு அது ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம். இன்னொரு பழைய பன்றிக் காய்ச்சல் இருக்கிறது, அதற்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் இரண்டுக்கும் போட்டாயிற்றா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் தாமதிக்காமல் போட்டு, வருஷம் ஒருமுறை தொடருங்கள். கோமாரித் தடுப்பூசி மாட்டுக்குப் போட வரும்போது பன்றிகளையும் காட்டிவிடுங்கள், மாட்டுக்கும் பன்றிக்கும் அந்த நோய் பொது. சேர்க்கைக்கு முன்பும் குட்டி போட இரண்டு வாரம் முன்பும் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். வியாபாரிகளைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள், எடை பார்ப்பதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். பன்றிகளைத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு மேய விடாதீர்கள். நாடாப்புழு மனிதனுக்கும் பன்றிக்கும் மாறி மாறி வருவது வெளியில் மலம் கழிக்கும் இடங்களில் பன்றி மேய்வதால்தான்.

சேர்க்கைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு பெண்ணுக்குத் தீவனத்தைக் கொஞ்சம் கூட்டினால் கருமுட்டை கூடுதலாக வரும். சேர்ந்த அன்றே பழையபடி இரண்டு கிலோவுக்கு இறக்கிவிட வேண்டும். "சினையாயிருக்கே பாவம்" என்று அள்ளி வைப்பதுதான் வீட்டில் நடக்கும், பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். கடைசி ஒரு மாதம் அரைக் கிலோ கூட்டலாம். குட்டி போட்ட பிறகுதான் தாராளம் வேண்டும். தனக்கு இரண்டு கிலோ, ஒவ்வொரு குட்டிக்கும் கால் கிலோ. எட்டுக் குட்டி என்றால் நான்கு கிலோ, ஒரே வேளையில் அல்ல, மூன்று வேளையாக. தண்ணீர் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும், தொட்டி காலியாக இருந்தால் பால் இறங்காது.

ஈனும் கொட்டிலைக் குட்டி போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கழுவிச் சுண்ணாம்படித்துக் காயவிட்டுத் தாயை மாற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண், தரையிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புக் குழாயோ மூங்கிலோ சுற்றிலும் கட்டுங்கள். தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்க அந்த இடைவெளிதான் காப்பாற்றும். முதல் மூன்று நாளில் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவை நசுங்கியோ குளிர்ந்தோ பட்டினியாலோ சாகின்றன. தர்மபுரியில் குளிரா என்று கேட்காதீர்கள். பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்கு மேல் வேண்டும், மார்கழி ராத்திரியில் அது கிடைக்காது. ஒரு மூலையைத் தடுத்து, வைக்கோல் போட்டு, மேலே நூறு வாட் குண்டு பல்பு தொங்கவிட்டால் போதும். காம்பில் பால் பீய்ச்சினால் வருகிறது என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும். குட்டிக்குக் குட்டி கால் மணி நேரம் ஆகலாம். முக்கி முக்கி ஒரு மணி நேரமாகியும் வரவில்லையென்றால் மருத்துவரை அழையுங்கள். மருந்துக் கடையில் வலி கூட்டும் ஊசி வாங்கி நீங்களே போடுவது வேண்டாம், குட்டி குறுக்கே நின்றிருந்தால் கர்ப்பப்பை கிழியும். முதல் ஈற்றுத் தாய் சில சமயம் குட்டியைக் கடிக்கும். அப்படியானால் முடியும்வரை குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, அடங்கிய பிறகு காம்பில் விடுங்கள். சீம்பால் ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் குடித்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி. இதைத் தவறவிடாதீர்கள். குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்பு தேவை, தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவுதான். சிமெண்டுத் தரையில் மண்ணும் கிடைக்காது. ஊசி போடாத குட்டி இரண்டு வாரத்தில் வெளிறி, கழிந்து, மூச்சு வாங்கிச் சாகும். கறிக்குப் போகும் ஆண் குட்டிகளை மூன்றாவது வாரத்துக்குள் விரையடித்துவிடுங்கள். பால் மறக்கச் செய்வது ஆறிலிருந்து எட்டு வாரத்தில். பெரிய பண்ணைகள் நான்கு வாரத்தில் பிரிப்பதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள், அதற்குத் தனித் தீவனமும் கதகதப்பான அறையும் வேண்டும். பிரித்து நான்கிலிருந்து ஏழு நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும், எலும்பு தெரிய இளைத்திருந்தால் அந்த ஒரு பருவத்தை விட்டுவிடுங்கள்.

பிறக்கும் பெண் குட்டிகளில் நல்லதை அடுத்த தாயாக வைக்க ஆசை வரும். வைக்கலாம். ஆனால் அதன் தகப்பன் அதே கொட்டிலில் நிற்கிறானே! அது ஆறு மாதம் தொடுவதற்குள் ஆணை விற்றோ, ரத்தத் தொடர்பில்லாத பண்ணைக்காரரோடு மாற்றியோ விடுங்கள். மாற்றி வருவதை மூன்று, நான்கு வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே சேர்க்க வேண்டும். பஞ்சாயத்து அனுமதியை இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டு பன்றி இருக்கும்போது பேசாத அக்கம்பக்கம், பதினைந்து ஆனதும் நாற்றம் என்று மனு கொடுக்கும். பெண்ணின் எடை, காம்பு எண்ணிக்கை, விற்றவர் சொன்ன பதில் மூன்றையும் எழுதுங்கள், ஆணை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்கு இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.